கரை என்னும் கற்பிதம்

ஆற்றைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளுக்கு ஓர் அச்சு உண்டு. முதற்பத்தியில் ஆறு தாயாக இருப்பாள். இரண்டாம் பத்தியில் சங்க இலக்கியச் சான்று ஒன்று வரும், பெரும்பாலும் பட்டினப்பாலை. மூன்றாம் பத்தியில் இன்றைய அவலம். முடிவில் கரைகளைக் காப்போம் என்றோர் அறைகூவல். இத்தகைய கட்டுரைகளைப் பெரும்பாலும் எழுதுகிறவர்கள் என்னைப் போன்ற தமிழாசிரியர்கள்தாம். அவர்களுடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நல்லெண்ணத்தின் அடியில் கிடக்கும் ஆறு பற்றிய கருத்து பிழையானது. அப்பிழை ஏட்டளவில் நிற்பதில்லை. கான்கிரீட்டாக இறுகி ஆற்றுக்குள் இறங்குகிறது. இதுவே என் தரப்பு.

பிழை எதுவெனில், ஆறு என்பது இரு கரைகளுக்கு நடுவே ஓடும் நீர் என்று நினைப்பது. கரை எல்லை, நீர் அதற்குள் அடங்க வேண்டியது, மீறினால் அது சீற்றம். நம் நாளிதழ்களின் நடையைக் கவனியுங்கள். வெள்ளம் கரையை விழுங்குகிறது, ஊருக்குள் புகுகிறது, வயலை ஆக்கிரமிக்கிறது. திருடனுக்கும் படையெடுப்பாளனுக்கும் உரிய வினைச்சொற்கள் இவை. கவிஞர்களும் இதே வினைச்சொற்களைத்தான் கையாள்கிறார்கள், சற்று அலங்காரத்தோடு. தாய் என்று அழைத்த வாயே இரண்டு மாதம் கழித்து அவளைக் கொள்ளைக்காரி என்கிறது.

வண்டல் சமவெளியில் ஓடும் ஆறு எதற்கும் நிலையான கரை கிடையாது. ஆறு சுமப்பது நீரை மட்டுமன்று. மணலையும் வண்டலையும் சேர்த்துத்தான். வளைவில் திரும்பும் நீர் நேராகத் திரும்புவதில்லை, திருகிக்கொண்டு திரும்புகிறது. மேல்மட்ட நீர் வெளிக்கரையை நோக்கிப் பாய்ந்து அங்கே கீழிறங்கி மண்ணை அறுக்கிறது. அடிமட்ட நீர் மணலை அள்ளிக்கொண்டு உட்கரைப் பக்கம் நகர்கிறது. ஒரு பக்கம் கரை அறுபட, எதிர்ப்பக்கம் மணல்மேடு வளர்கிறது. தேநீர்க் கோப்பையைக் கலக்கினால் இலைத்தூள் விளிம்புக்குப் போகாமல் நடுவில் குவிவது ஏன் என்ற கேள்வியிலிருந்து தொடங்கி, ஐன்ஸ்டைன் 1926இல் இதை ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். (அவருடைய மகன் ஹான்ஸ் ஆல்பர்ட் தம் ஆய்வு வாழ்க்கை முழுவதையும் ஆற்றுமணல் நகரும் விதத்திற்கே கொடுத்தவர். தந்தையின் புகழில் மகனின் மணல் மறைந்துபோனது.) பின்னர் லியோபோல்டும் வோல்மனும் அளந்து பார்த்தபோது, ஆறு பெரிதோ சிறிதோ, ஒரு முழு வளைவின் நீளம் ஆற்றின் அகலத்தைப்போல் ஏறக்குறைய பத்திலிருந்து பதினான்கு மடங்கு என்னும் ஒழுங்கு தெரியவந்தது. சீற்றத்துக்கு இத்தனை ஒழுங்கு இராது. அரிப்பும் படிவும் ஒரே செயலின் இரு கைகள். ஒன்றை நோய் என்றும் மற்றதை வளம் என்றும் பெயரிட்டது நாம்.

கரை இடிவது எப்போது என்று ஆற்றங்கரை மக்களைக் கேட்டால் சொல்வார்கள். கொள்ளிடக்கரை ஊரிலிருந்து வந்து என்னிடம் படித்த மாணவர் ஒருவர், "வெள்ளத்துல ஒண்ணும் ஆகலீங்க ஐயா, தண்ணி வத்தின மறுநாள்தான் கொல்லை போச்சு" என்றார். அன்று அது எனக்கு வியப்பாக இருந்தது. வெள்ளம் நிற்கும்போது நீரின் அழுத்தமே கரையைத் தாங்கிப் பிடிக்கிறது. நீர் விரைந்து வடியும்போது, உள்ளே ஊறிக் கனத்த மண் தாங்குவாரின்றி மொத்தமாகச் சரிகிறது. கரையின் உயரம் கூடக்கூட இச்சரிவு எளிதாகிறது. கரை உயர்வதற்கு வழி இரண்டு: மேலே மண்ணைக் கொட்டுவது ஒன்று; கீழே படுகையைத் தோண்டுவது மற்றொன்று. இந்த இரண்டாவதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கொள்ளிடத்தின் கதை அதுதான்.

அதற்குமுன் நம் சொற்கிடங்கைச் சற்றுத் திறந்து பார்க்கலாம். தமிழ் மரபு ஆற்றை நீராக மட்டும் பார்த்தது என்று எவரேனும் சொன்னால் அவர் அகராதியைப் புரட்டவில்லை என்று பொருள். அறல் என்ற சொல் நீரையும் குறிக்கும். நீர் வரிவரியாக அறுத்து ஒதுக்கிய கருமணலையும் குறிக்கும். பெண்ணின் நெளிகூந்தலுக்கு அதை உவமையாக்கிய புலவர்கள் ஓடும் நீரை மட்டுமல்ல, நீர் மணலில் எழுதிச் சென்றதையும் உற்றுப் பார்த்தவர்கள். குவிந்த மணல்மேட்டுக்கு எக்கர். ஆற்றின் நடுவே திரண்ட நிலத்துக்குத் துருத்தி. திருப்பூந்துருத்தி என்ற ஊர்ப்பெயரில் இன்றும் அது இருக்கிறது. அரங்கம் என்பதற்கும் ஆற்றிடைக்குறை என்றே பொருள். திருவரங்கத்தின் பெயரே ஆறு மணலைக் குவித்துத் தந்த நிலம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. இடிந்து விழும் கரைக்கு இடிகரை. ஆற்றங்கரை மரம் என்றதும் நிலையாமைதான் தமிழ் மனத்தில் தோன்றும். நல்வழி அதை அரச வாழ்வின் வீழ்ச்சியோடு சேர்த்துவைத்துப் பேசியது. இளங்கோ காவிரியைப் பாடியபோதும் உட்கார்ந்த தாயாகப் பாடவில்லை, நடக்கிறவளாகப் பாடினார். இத்தனை சொற்களையும் பாடத்திட்டத்தில் வைத்துக்கொண்டு, தேர்வுக்கு மனப்பாடம் செய்வித்துக்கொண்டு, மேடையேறியதும் ஆறு என்றால் தண்ணீர் என்று பேசுகிறோம்.

இனிக் கொள்ளிடம். திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரைத் தக்கவைத்துக்கொள்கிறது, வடகிளை கொள்ளிடமாகிறது. திருவரங்கத் தீவைச் சுற்றிக்கொண்டு இரண்டும் ஏறத்தாழ 30 கி.மீ. கிழக்கே மீண்டும் நெருங்குகின்றன. கொள்ளிடம் தாழ்வானது, கடலுக்கு நேர்வழியில் போவது. தாழ்ந்த வழியிருக்க ஆறு உயர்ந்த வழியை விரும்பாது. ஆகவே காவிரிக் கிளை மணல் தூர்ந்து மேடாவதும், நீர் மேன்மேலும் கொள்ளிடத்துக்குச் சாய்வதும் இயல்பான போக்கு. இரு கிளைகளும் நெருங்குமிடத்தில் காவிரி நீர் கொள்ளிடத்தில் சரிந்துவிடாமல் தடுத்து நிறுத்துவதே கல்லணையின் வேலை. தஞ்சைச் சமவெளியின் வேளாண்மை வரலாறு என்பது, இடம் மாற விரும்பும் ஓர் ஆற்றைக் கெஞ்சியும் தடுத்தும் தெற்கே நிறுத்திவைத்த வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கெஞ்சல் பலிக்காமற்போயிற்று. தெற்கே நீர் குறைந்தது. ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டி முடித்தார். ஆழம் காணாத மணலில் அடித்தளமிடும் வித்தையைக் கல்லணையிடம் கற்றதாக அவரே சொன்னதை நாம் பெருமையோடு மேற்கோள் காட்டுவோம். அதன்பின் நடந்ததை யாரும் சொல்வதில்லை. கொள்ளிடத்தை மறித்ததும் காவிரிக் கிளையில் நீர் மிகுந்து, அதன் படுகை அறுபடத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் மேலணையின் ஒரு பகுதியை உயரம் குறைக்கவும், காவிரித் தலைப்பிலும் ஒரு கட்டுமானம் எழுப்பவும் நேர்ந்தது. ஓரிடத்தில் கைவைத்தால் ஆறு இன்னோரிடத்தில் மறுமொழி சொல்கிறது. காட்டன் மேதை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்த மேதைக்கே ஆறு பாடம் நடத்த வேண்டியிருந்தது.

இந்த மறுமொழிக்கு ஒரு கணக்கு உண்டு. லேன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1955இல் அதை வகுத்துத் தந்தார். அதை ஒரு தராசாக எண்ணிக்கொள்ளலாம். ஒரு தட்டில் ஆறு சுமக்கும் மணலின் அளவும் பருமனும். மறு தட்டில் நீரின் அளவும் படுகையின் சரிவும். மணல் குறைந்தால் தராசு சாயும். சமன் வரும்வரை நீர் படுகையை அறுக்கும். அணைக்கட்டைக் கடந்து வரும் நீரை, சுமையில்லாத வெறும் நீரை, பசித்த நீர் என்று கொண்டோல்ஃப் என்ற ஆய்வாளர் 1997இல் அழைத்தார். ஒரு புவியியலாளர் சொன்ன உருவகம் நம் கவிஞர்களுடைய நதித்தாய்களைவிட ஆற்றை நன்றாக அறிந்திருக்கிறது. மணலை அணையில் இறக்கிவைத்துவிட்டு வரும் நீர் வழியில் கிடைத்ததைத் தின்னும்: முதலில் படுகையை, பிறகு கரையின் அடியை.

மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. அதற்கு மேலே கண்ணம்பாடி அதற்கு முன்பே வந்துவிட்டது. கீழே வந்து சேரும் பவானியிலும் அமராவதியிலும் 1950களில் அணைகள் எழுந்தன. காவிரிக்கு மலைகள் அனுப்பிய மணலில் பெரும்பகுதி நீர்த்தேக்கங்களில் தங்கிவிட்டது. சமவெளியில் எஞ்சியது நூற்றாண்டுகளாகச் சேர்ந்த பழைய இருப்பு மட்டும். அந்த இருப்பைத்தான் நாம் லாரிகளில் ஏற்றினோம். 2003 முதல் ஆற்றுமணல் அள்ளும் உரிமையை அரசே தன் கையில் வைத்துக்கொண்டது. ஆகவே இதைத் தனியாரின் பேராசை என்று மட்டும் கூறி ஒதுங்கவும் வழியில்லை. வருவாய் நின்றுபோன வீட்டில் பானையை விற்றுச் சோறாக்குவதற்கு ஒப்பான காரியம் இது. ஆற்றில் தோண்டிய குழி தோண்டிய இடத்தில் நிற்பதுமில்லை. குழியின் மேல்விளிம்பை நீர் அறுத்து அறுத்துப் பள்ளம் மேல்நோக்கி ஏறும். கீழ்நோக்கிப் பசித்த நீர் இறங்கும். பாலத்தூணின் அடிமண் போகும், கிணற்று நீர்மட்டம் தாழும், கரை செங்குத்தாகும். அதன்பின் அடுத்த வெள்ளம் வடியும் நாளுக்காகக் கரை காத்துக்கொண்டிருக்கும்.

2018 ஆகஸ்டில் திருச்சியில் என்ன நடந்தது என்பதை நினைவூட்ட வேண்டியதில்லை. 1928ஆம் ஆண்டின் கொள்ளிடம் இரும்புப் பாலத்தில் தூண் சாய்ந்து ஒரு பகுதி விழுந்தது. நல்லவேளையாக அதில் போக்குவரத்து முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. அதே மாதம் 22ஆம் நாள் இரவு காட்டனின் மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பழமை காரணம் என்றனர் சிலர், வெள்ளத்தின் வேகம் காரணம் என்றனர் சிலர், மணல் கொள்ளை காரணம் என்றனர் வேறு சிலர். 180 ஆண்டுக் கட்டடத்துக்கு முதுமை உண்டுதான். ஆனால் முதுமை என்ற விளக்கத்தை 2024 ஆகஸ்டுக்குப் பொருத்த முடியாது. அவ்வாண்டு வெள்ளத்தில் அதே கொள்ளிடத்தில், புதிய பாலத்தின் தூண்களைக் காப்பதற்கென்று அண்மையில் கட்டிய தடுப்புச்சுவரின் ஒரு பகுதியே சரிந்தது. அருகே உயர்மின்னழுத்தக் கோபுரம் ஒன்று ஆற்றில் சாய்ந்தது. காப்பதற்குக் கட்டியதையே காக்க முடியாத நிலை.

சுவர் எழுப்புவோம் என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வழவழப்பான கான்கிரீட் சுவரில் மோதும் நீர் தன் வேகத்தை எங்கே கொண்டுபோய் வைக்கும்? நாணலும் புங்கும் அடர்ந்த சாய்கரை அவ்வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளும். சுவர் வாங்கிக்கொள்ளாது, தன் அடிக்கும், தான் முடியும் இடத்துக்கும், சில வேளை எதிர்க்கரைக்கும் அனுப்பிவிடும். ஒரு ஊரின் சுவர் அடுத்த ஊரின் அரிப்பு. அடுத்த ஊரும் சுவர் கேட்கும். இவ்வாறே போனால் ஆறு வாய்க்காலாகும். ஒப்பந்தக்காரர் தவிர வேறெவருக்கும் அதில் மகிழ்ச்சி இராது.

கரையை உயர்த்தினால் ஆறு அடங்கும் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, காவிரிக்கு நேர்மாறான குணமுள்ள ஓர் ஆற்றைச் சான்று காட்டலாம். பீகாரின் கோசி, இமயத்து மண்ணை அளவின்றிச் சுமப்பது. இருநூறு ஆண்டுகளுக்குச் சற்று மேலான காலத்தில் ஏறத்தாழ 120 கி.மீ. மேற்கே நகர்ந்த ஆறு அது. 1950களில் தொடங்கி அதன் இருபுறமும் நெடிய மண்கரைகள் எழுப்பினார்கள். சமவெளியெங்கும் பரவிப் படிய வேண்டிய வண்டல் இரு கரைகளுக்குள் படிந்து, ஆற்றின் படுகை சுற்றுப்புற நிலத்தைவிட உயர்ந்தது. 2008 ஆகஸ்ட் 18இல் நேபாளத்தின் குசாகாவில் கரை உடைந்தது. அன்று ஓடிய நீர், தாங்கும் என்று அக்கரைகளுக்கு வகுத்த அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆறு கிழக்கே திரும்பித் தான் முன்பு கைவிட்ட பழைய தடங்களில் ஓடியது. ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் பாதிக்கப்பட்டனர். கோசிக்கு மணல் மிகுதி, காவிரிக்கு மணல் பஞ்சம்; இரண்டிடத்திலும் மணலைக் கணக்கில் சேர்க்காமல் கரையை மட்டும் நம்பினார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். "அரிப்பு இயற்கை என்று அறையில் உட்கார்ந்து எழுதலாம், கொல்லை இழந்தவனிடம் சொல்லிப் பார்" என்பார்கள். நியாயமான கோபம். கொள்ளிடத்தின் கடைமடையில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் என்ற சிற்றூர்கள் இருக்கின்றன. பெரு வெள்ளந்தோறும் இவ்வூர்களின் பெயர் செய்தியில் வரும். அப்பெயர்களை மெல்ல வாசித்துப் பாருங்கள்: படுகை, திட்டு, மணல். ஆறு ஈந்த நிலம் என்பதை மறைக்காத பெயர்கள். அங்கே வாழ்கிறவர்களுக்கு ஆறு என்ன செய்யும் என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்பது கொடுமை. உங்களுக்காகச் சுவர் கட்டுகிறோம் என்பது ஏமாற்று. இழந்த நிலத்துக்கு மாற்று நிலம், வெள்ளக் காலத்தில் மாடும் நெல்லும் ஏற மேட்டு நிலம், விரும்பினால் அருகிலேயே மாற்றுக் குடியிருப்பு, இவையே அவர்களுக்கு உரிய நேர்மையான மறுமொழி. கடலோடு போராடியே வாழ்ந்த நெதர்லாந்துக்காரர்கள்கூட 2006க்குப் பின் முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு இடம் விட முடிவுசெய்து, சில இடங்களில் கரையையே பின்னுக்கு நகர்த்தினார்கள். வீடு பெயர்ந்தவர்களுக்கு ஈடும் கொடுத்தார்கள்.

இன்னொரு மறுப்பு நம் மரபின் பெயரால் வரும்: கரிகாலன் கரை எடுத்தானே, கரை கட்டுவது தமிழ் மரபு இல்லையா? மரபுதான். ஆனால் எந்தக் கரை? வையைக் கரை உடைந்தபோது வீட்டுக்கு ஓர் ஆளாகப் பங்கு பிரித்து அடைத்த கதையை நாம் அறிவோம். வந்திக் கிழவியின் பங்கை அடைக்கக் கூலியாளாக வந்தவர் இறைவன், கூலி உதிர்ந்த பிட்டு. அக்கதையின் பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டு அதன் நிர்வாகத்தைப் பாருங்கள். மண்கரை உடையும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. உடைந்தால் எவர் எத்தனை கோல் அடைக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருந்திருக்கிறது. குடிமராமத்து என்ற சொல்லுக்குப் பொருள் இதுவே. கரையை ஆண்டுதோறும் பேண வேண்டிய ஒன்றாக எண்ணிய மரபு அது. ஒரு முறை கான்கிரீட் கொட்டி, கல்வெட்டு பதித்து, மறந்துவிடுகிற ஏற்பாட்டுக்குக் கரிகாலனைச் சாட்சிக்கு இழுப்பது அவனுக்கு இழைக்கும் அநீதி.

நாம் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்பதே எனக்குள்ள பெரிய குறை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு வர வேண்டிய நீர் 177.25 டி.எம்.சி. என்றது. அந்த எண் நம் எல்லாருக்கும் மனப்பாடம். அந்த நீரோடு எத்தனை வண்டி மணல் வந்தது என்று நம் மேடைகளில் எவரும் கேட்டு நான் கேட்டதில்லை. காவிரிக்காக உண்ணாநோன்பிருந்த எழுத்தாளர்களும் தண்ணீர் கேட்டே உட்கார்ந்தார்கள்.

இப்போது கேட்கலாம். முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தின் கழிமுகம்வரை குறித்த இடங்களில் ஆண்டுதோறும் ஆற்றின் குறுக்குவெட்டை அளந்து, படுகை எவ்வளவு தாழ்ந்தது என்பதை மக்கள் அறிய வெளியிட வேண்டும். அந்த அளவு ஏறத் தொடங்கும்வரை ஒரு கூடை மணலுக்கும் உரிமம் கூடாது. கரைச்சுவர் ஒன்றுக்கு ஒப்புதல் தருமுன் எதிர்க்கரைக்கும் கீழேயுள்ள ஊருக்கும் அதனால் என்ன ஆகும் என்ற கணக்கை அந்த ஊர்களின் கிராமசபைகளில் வைக்க வேண்டும். தமிழ்த்துறைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கொள்ளிடக்கரை ஊர்களில் எந்தத் திட்டு எந்த வெள்ளத்தில் எழுந்தது, எது எப்போது போயிற்று என்று சொல்லக்கூடிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதுகலை மாணவர்களை நதித்தாய்க் கவிதை எழுத அனுப்புவதற்குப் பதிலாக, வருகிற தை மாதம், நீர் வற்றியபின், ஒரு குறிப்பேட்டோடு அந்த ஊர்களுக்கு அனுப்பலாம்.